சைலன்சர் வரைந்த முதல் போர்டு

டெப்போவில் அவருக்குச் சைலன்சர் என்று பெயர். பேருந்து ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, குறுக்கே பாய்கிறவனைக்கூட அவர் வாயைத் திறந்து திட்டியதில்லை. நடத்துநர் நாலு கதை சொன்னால் இவர் ஒரு ‘ம்’ போடுவார். வீட்டில் மட்டும் பேச்சு உண்டு. அதுவும் மனைவியின் எதிரே போய், வெளிச்சத்தில் முகம் தெரியும்படி நின்றுகொண்டு. ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, கடைசியில் ஒன்றுமே கேட்காமல் போயிற்று. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பதிலுக்கு வாய் ஓயாமல் பேசுவாள். வீட்டின் பின்னறையில் தையல் மெஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்தாள்.

ஒரு மழை நாளில் அவளுடைய தங்கை, சொல்லாமல் கொள்ளாமல், கைக்குழந்தையோடு பார்க்க வந்திருக்கிறாள். போன் வேறு நனைந்து அணைந்துவிட்டது. கதவைத் தட்டினாள், ஜன்னலைத் தட்டினாள். உள்ளே அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை குழந்தையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். விஷயம் பிறகு தெரிந்தபோது மனைவி அழவில்லை. “கதவ உடைச்சிட்டு வர்றதுக்கென்ன அந்தத் தடிச்சிக்கு?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மணியடித்தால் விளக்கு மின்னும் சாதனம் ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டினார். அது முன்னறையில் மின்னியது. பின்னறையில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? சீக்கிரமே அதுவும் கண்ணை மூடிக்கொண்டது. திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் பலகை. அதன்மேல் மயிரிழை போன்ற செம்புக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல் வளைந்து, ஒதுங்கி, எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து இந்தக் கோடு இப்படிப் போகட்டும் என்று வரைந்திருக்கிறார் என்ற நினைப்பு அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. சாப்பாடு ஆறிப்போகும்வரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அக்கா மகன் வேண்டாமென்று ஒதுக்கிய லேப்டாப் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் இந்த மாதிரி எலக்ட்ரானிக் போர்டு வரையும் மென்பொருளை ஏற்றிக்கொண்டார். வார விடுமுறைகள் எல்லாம் அதில் கரைந்தன. மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “பஸ் ஓட்டறது போதாதுன்னு வீட்ல ரோடு வேற போடறீங்களா?” என்றாள். ஒரு நாள் எல்லாக் கோடுகளும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டன. மென்பொருள் ஒரு தவறும் இல்லை என்றது. ஆனால் தவறில்லை என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டுமே. டெப்போவில் யாரிடம் காட்டுவது?

அவர் ஓட்டும் தடத்தில் கடைசி நிறுத்தம்வரை வருகிற ஒரு பெண் உண்டு. முப்பது வயசு இருக்கும். எப்போதும் டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை, மடியில் லேப்டாப். நடத்துநர் அவருக்கு வைத்த பெயர் கடைசி ஸ்டாப் மேடம். ஒரு மதியம் கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் மேடம் தலை நிமிரவில்லை. சொல்லலாம் என்று எழுந்து திரும்பிய சைலன்சர் அந்தத் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். கருப்புத் திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். அவர் வீட்டில் வரைகிற அதே மென்பொருள். ஆனால் இவருடையது ஒரு சந்து என்றால் அது ஒரு மாநகரம்.

“ஸ்டாப் வந்திருச்சா? சாரிண்ணா,” என்று மேடம் பையை எடுத்தார்.

“மேடம்... அது போர்டுங்களா?”

பேருந்தில் சைலன்சர் ஒரு பயணியிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கீழே நின்ற நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

“ஆமா. ஆஸ்பத்திரியில இதயத்துடிப்பு காட்டற மெஷினோட போர்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானும் ஒண்ணு போட்டிருக்கேன். சின்னதுதான். ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா?”

மறுநாள் அதே நேரம், வண்டி திரும்பக் கிளம்புவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில், காலிப் பேருந்தின் முதல் இருக்கையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். நடத்துநர் மூன்று கோப்பை டீயோடு வந்து, சண்டைப்படம் பார்க்கப் போகிறவர் மாதிரி எதிர் இருக்கையில் சாய்ந்துகொண்டார்.

மேடம் முதலில் கோடுகளைப் பார்க்கவே இல்லை. “இது என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

சொன்னார். மனைவியின் காது, தங்கை, மழை எல்லாவற்றையும் சொன்னார். வாசலில் பட்டனை அமுக்கினால் பின்னறையின் பெரிய விளக்கு மின்ன வேண்டும். அதற்காக வீட்டு மின்சாரத்தையே ரிலே என்கிற மின்சுவிட்ச் வழியாகப் போர்டுக்குள் கொண்டுவந்திருந்தார்.

மேடம் திரையைப் பெரிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார். டீக்கோப்பையைக் கீழே வைத்தார்.

“அண்ணா, இந்தக் கோடு வீட்டுக் கரண்ட். பக்கத்துல போற இது வாசல் பட்டனுக்குப் போகுது. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விட்டிருக்கீங்க, பாருங்க.”

பார்த்தார். ஒரு நூலிழை.

“சாஃப்ட்வேர் தப்பில்லன்னு சொல்லிச்சே மேடம்.”

“அதுக்கு இது வீட்டுக் கரண்ட்னு தெரியாது. நீங்க சொல்லல. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தூசி போதும், இங்கேருந்து அங்க தாவிரும். அப்புறம் மழையில நனைஞ்சுக்கிட்டு யாராவது வந்து பட்டன அமுக்கினா...”

கைக்குழந்தையோடு நனைந்து நின்ற கொழுந்தியாளின் விரல் அந்தப் பட்டனில் படுவதை அவர் கண்ணாரக் கண்டார். அழித்துவிடலாம் என்று லேப்டாப்பை மூடப் போனார். மேடம் கையை நீட்டித் தடுத்தார்.

“எதுக்கு மூடறீங்க? இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்ல. முதல் போர்டுல வீட்டுக் கரண்ட் வேண்டாம், அவ்வளவுதான். போன் சார்ஜர்லேருந்து வர்ற கரண்ட் போதும். அதுலயே எரியற விளக்கு இருக்கு. சரி, இதென்ன, கபாசிட்டர எல்லாம் ஓரமா வரிசையா நிக்க வெச்சிருக்கீங்க?”

“பாக்க அழகா இருக்கட்டும்னு.”

நடத்துநருக்கு டீ புரையேறியது. மேடமும் சிரித்துவிட்டார். “இது சிப்புக்குப் பக்கத்துல வைக்கிற தண்ணிச் சொம்பு. தாகம் எடுக்கற நேரத்துல கைக்கு எட்டணும். நீங்க கொண்டுபோய்க் கொல்லைப்பக்கம் வெச்சிருக்கீங்க.” ஒவ்வொன்றையும் இழுத்துச் சிப்பின் காலடியில் வைத்தார். பிறகு கேட்டார்: “பேட்டரியிலேருந்தோ சார்ஜர்லேருந்தோ போற கரண்ட் எங்க போகுது?”

“சிப்புக்கு.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன, அவ்வளவுதானே மேடம்?”

“திரும்பி வரணும்ல? போன கரண்ட் அத்தனையும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாகணும். நீங்க போற ரூட்ட பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கீங்க. திரும்பற ரூட்ட பாருங்க.” ஒரு விசையைத் தட்டினார். திரும்பும் கோடு மட்டும் பளிச்சென்று எரிந்தது. அது போர்டின் ஒரு மூலையில் கிளம்பி, எல்லாவற்றையும் சுற்றி, மறு ஓரம்வரை போய், ஒற்றைச் சந்தாக நெளிந்து வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த இடத்தில் அதைத் திணித்தது இவர்தான்.

“இப்ப ஒண்ணு செய்றேன், பாருங்க.”

மேடம் போர்டின் பின்பக்கத்தைச் சுற்றி ஒரு சதுரம் இழுத்தார். அடுத்த நொடியில் அந்தச் சதுரம் முழுக்கச் செம்பு பரவியது. தடை வந்த இடத்தில் தானாக விலகி, சந்துபொந்தெல்லாம் நிரப்பி, வறண்ட ஏரியில் தண்ணீர் ஏறுவதுபோல ஏறி நின்றது.

“இனிமே அது திரும்பறதுக்கு வழி தேட வேண்டாம். வேகமா மாறுற கரண்ட் எந்தக் கோட்டுல போகுதோ, அதுக்கு நேர் அடியிலேயே திரும்பி வரும். யாரும் சொல்லித் தரல. அதுவா வரும்.”

“அதுவாவா?”

“அதுவா.”

சைலன்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் சுவிட்சைத் தட்டுகிற ஒவ்வொரு முறையும், வண்டியில் முகப்பு விளக்கைப் போடுகிற ஒவ்வொரு முறையும், போன அத்தனையும் ஒரு துளி குறையாமல் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை வயசுக்கு இது தெரியாமலே அதன் நடுவில் வாழ்ந்திருக்கிறோமே என்று அவருக்கு மெய்சிலிர்த்தது. கையைப் பார்த்தார், ரோமம் நின்றிருந்தது.

“மேடம், உங்க போர்டுல அவ்வளவு கோடும் நீங்க ஒருத்தரே போட்டீங்களா?”

“போட்டது நான்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு ரூம் ஆளுங்க சுத்தி உட்கார்ந்து குத்தம் சொல்வாங்க. என் முதல் போர்ட பார்த்துட்டு எங்க மேனேஜர் ரொம்ப நேரம் பேசவே இல்ல. நான் உங்களத் திட்டவாவது செஞ்சேன்.”

அன்று வண்டி கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது.

வீட்டுக்குப் போனதும் மனைவி எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னார். பெரிய விளக்கு கிடையாது, மேஜைக்கு எதிரே சின்ன விளக்கு வைக்கப்போகிறேன் என்றார். அவள் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டுவிட்டு, “என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றாள்.

“என்ன?”

“தைக்கும்போது என் கண்ணு ஊசியிலதான் இருக்கும். நீங்க சுவத்துல சூரியனையே மாட்டினாலும் நான் நிமிர மாட்டேன். நிமிர்ந்தா விரல் போயிரும்.” மேஜையைத் தட்டிக் காட்டினாள். “இது ஆடினா எனக்குத் தெரியும். போன் அதிருதுல்ல, அந்த மாதிரி.”

இரண்டு பேர் ஒரே நாளில் அவருடைய போர்டைப் பாதிக்கு மேல் கலைத்துவிட்டார்கள். அவர் சந்தோஷமாக மறுபடி முதலிலிருந்து வரைந்தார். விளக்கு போய், மேஜைக்கு அடியில் ஒட்டும் சின்ன அதிர்வு மோட்டார் வந்தது. மேடம் இன்னொரு மதியம் பார்த்து, மோட்டார் நிற்கும்போது கரண்டைத் திருப்பி எட்டி உதைக்கும், அந்த உதையை வாங்கிக்கொள்ள ஒரு டயோடு போடுங்கள் என்றார். அதன் பிறகு, “போர்டு செஞ்சு தர்ற கம்பெனிக்கு அனுப்பிருங்க,” என்றார்.

போர்டுகள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வந்தன. பிரித்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். திரையில் ஒளியாக இருந்தது கையில் கனமாக இருந்தது. அவர் இழுத்த கோடு, அவர் யோசித்து யோசித்து வளைத்த வளைவு, எங்கோ கண்காணாத தேசத்து இயந்திரம் ஒன்று அச்சு அசலாகச் செம்பில் வடித்து அனுப்பியிருக்கிறது. மனைவி அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். “பின்னல் வேலை மாதிரி இருக்குங்க,” என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசுவது அபூர்வம்.

பாகங்களை ஒவ்வொன்றாக ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தார். பட்டனை அமுக்கினார். போர்டில் இருந்த சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். அசையவில்லை.

மறுநாள் மேடம் அதைப் பேருந்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “மோட்டார ஓட விடற இந்த டிரான்சிஸ்டர். நீங்க வாங்கினதுல கால் வரிசை தலைகீழ். நீங்க படத்துல போட்டது வேற வகை. நானும் ரெண்டு தடவ பாத்தேன். கண்ணுல படவே இல்ல. இது என் தப்பும்தான்.”

“இப்ப என்ன செய்றது மேடம்?”

“கழட்டி, முகத்த அந்தப் பக்கமாத் திருப்பி வைங்க. முடிஞ்சுது.”

திருப்பி வைத்தார். மேஜைக்கு அடியில் மோட்டாரை ஒட்டி, கம்பியை வாசல்வரை இழுத்துப் பட்டனோடு சேர்த்தார். மனைவி பின்னறையில் யாருடைய கால்சட்டையையோ தைத்துக்கொண்டிருந்தாள். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சட்டையைச் சரிசெய்துகொண்டார், விருந்தாளி மாதிரி. அமுக்கினார்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. காலடி நெருங்கி வந்து, கதவு திறந்தது. காது போன பிறகு, அவர் வெளியே நிற்க அவள் உள்ளிருந்து கதவைத் திறப்பது அதுதான் முதல் தடவை. சாவியைப் போட்டுத் தானே திறந்து பழகிப்போன மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

“யாருங்க வேணும்?” என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது.

அவள் அவர் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, உள்ளங்கையை மேஜைமேல் அழுத்தினாள்.

“எடுக்காதீங்க. நான் வெளிய போய் அமுக்கறேன்.”

போனாள். மரத்துக்குள்ளிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, அவர் கை வழியாக மணிக்கட்டுவரை ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. சோதித்துப் பார்க்க இரண்டு தடவை போதும். அவள் விடவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தாள். அவர் கையை எடுக்காமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.