ஒன்பது நாள் குறிப்பேடு

பேருந்துப் பணிமனையில் அவரை அட்டவணையம்மா என்பார்கள். எந்த வண்டி எப்போது கிளம்பி எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நான்கு நிமிடம் பிந்தி வந்த ஓட்டுநர் டயர் பழுது என்றால், டயரைப் பார்க்கப் போக மாட்டார். அதே ஆள் போன வாரம் அதே நிறுத்தத்தில் எவ்வளவு பிந்தினார் என்று பார்ப்பார். டயர் இல்லை, தேநீர்க் கடைதான் காரணம் என்று பிடிபட்டுவிடும்.

மாலையில், அண்ணன் வீட்டுப் பின்னறையில், சம்பளமில்லாத இன்னொரு வேலை இருந்தது. அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார் என்று நடுவில் யாருக்கும் தெரியாதபடி, செய்திகளை மூன்று கணினிகள் வழியே கைமாற்றிவிடும் வலையமைப்பு ஒன்று. அடிக்கிற கணவனிடமிருந்து தப்ப வழி கேட்பவர்களும், மேலதிகாரியின் திருட்டை வெளியே சொல்பவர்களும் அதை நம்பி எழுதுகிறார்கள். அதன் செயல்முறையைத் திருத்தும் குழுவில் ஏழு வருடமாக இருந்தார். எல்லாம் தானே படித்துக் கற்றது. கைமாற்றும் கணினிகளில் ஒன்று அவருடையது. அண்ணியின் இஸ்திரி மேசைக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது.

குழுவில் எல்லோருக்கும் புனைபெயர்தான். நீ யார் என்று யாரும் கேட்கக்கூடாது. கணினி வைத்திருப்பவர்கள் செய்தி வந்துபோகும் நேரத்தைக் குறித்துவைக்கவே கூடாது.

அந்தக் குழுவுக்கு ஆணி என்ற பெயரில் புதிதாக ஒருவர் பதினான்கு பக்க வரைவு அனுப்பினார். வந்த செய்தியை உடனே அனுப்பாமல், ஒவ்வொரு கணினியும் சற்றுப் பிடித்துவைத்து, ஒழுங்கில்லாத இடைவெளியில், வெற்றுச் செய்திகளையும் கலந்து விட வேண்டும் என்பது யோசனை.

அட்டவணையம்மாவுக்கு உறுத்தியது. பிடித்துவைக்கிறவன் நினைத்தால் அந்தத் தாமதத்தையே அடையாளமாக்கி, ஒரு செய்தியைக் கடைசிவரை தொடரலாம். அப்படியொரு ஓட்டை எங்கே இருக்கிறதென்று மூன்று முறை படித்தார். அகப்படவில்லை. எழுத்துப்பிழைகூட இல்லை. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர் உளவு பார்க்கவென்றே எங்கோ சம்பளம் வாங்குகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஆணி பணிவாகப் பதில் எழுதினார். அது இன்னும் உறுத்தியது. தன் சந்தேகத்தைக் குழுவில் எழுதினார். இரண்டு பேர் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

சலவைக்கடை நடத்தும் அண்ணி சட்டைக் கழுத்தைத் தேய்த்தபடி கேட்டார்: “மரியாதையா பேசினாலும் சந்தேகம், முறைச்சாலும் சந்தேகம். அந்த ஆளு என்னதாம்மா பண்ணணும்?”

“கொஞ்சம் அரைகுறையா எழுதியிருக்கணும் அண்ணி. அப்ப நம்பியிருப்பேன்.”

வரைவை ஏற்பதா என்று அடுத்த வார வியாழன் நண்பகலுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பவர் காரணம் காட்ட வேண்டும். காரணம் தேடித்தான் அட்டவணையம்மா ஒரு குறிப்பேட்டை எடுத்தார். ஆணியின் பதில்களும் அதே வலையமைப்பு வழியாகத்தான் வந்தன; அவை நுழையும் முதல் கணினி தன்னுடையதாகவே இருந்தால்? இடதுபுறம் தன் கணினிக்குள் செய்திகள் நுழைந்த நேரமும் அவை கிளம்பிய இணைய முகவரியும், வலதுபுறம் ஆணியின் பதில்கள் குழுவில் தோன்றிய நேரம் என்று ஒன்பது நாள் எழுதினார். பன்னிரண்டு பதில்களில் பதினொன்று ஒரே முகவரியோடு பொருந்தின. ஒரு பொது நூலகத்தின் இணைப்பு அது.

பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நூலகத்தில் மாணவரும் உட்காரலாம், ஒற்றரும் உட்காரலாம். ஆணி நல்லவரா என்பது இன்னும் தெரியவில்லை. தெரிந்தது வேறு. ஒரு பழைய கணினியையும் ஒரு பேனாவையும் வைத்துக்கொண்டு தன்னால் ஒன்பது நாளில் முடிந்தால், பெரிய அலுவலகம் வைத்திருப்பவனுக்கு ஒரு நாள் போதும். நேரத்தை ஒப்பிட்டு ஆளைப் பிடிக்கும் இந்த வழியை அடைக்கத்தான் ஆணியின் அந்தப் பதினான்கு பக்கமும்.

நடந்ததை அண்ணியிடம் சொன்னார். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சம்மதம் எழுதிவிட்டால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்பது அண்ணியின் கட்சி.

“நான் கிளப்பிவிட்ட சந்தேகத்துல ரெண்டு பேரு வேண்டாம்னு நிக்கிறாங்க. இத காட்டாம அவங்க மாற மாட்டாங்க.”

“காட்டினா உன்ன வச்சிருப்பாங்களா?”

“மாட்டாங்க.”

வியாழன் காலை, பணிமனைக்குக் கிளம்பும்முன் எழுதினார்: விதியை மீறினேன், இப்படிச் செய்தேன், இத்தனை பொருந்தின. முகவரியை மட்டும் எழுதவில்லை. வரைவை ஏற்க வேண்டும் என்று முடித்தார்.

மதிய உணவு நேரத்தில் பார்த்தபோது வரைவு ஏற்கப்பட்டிருந்தது. அடுத்த வரியில், அவர் பெயர் குழுவின் பட்டியலிலிருந்தும் அவர் கணினி வலையமைப்பிலிருந்தும் நீக்கப்பட்டிருந்தன. யாரும் திட்டவில்லை. ஆணி மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: “ஒரே கணினியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பதினைந்து நாளாகும் என்று கணக்கிட்டிருந்தேன். எண்களைத் திருத்துகிறேன்.” திருத்திய வரைவை அனுப்பியபின் அந்தப் பெயரில் வேறு எதுவும் வரவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து கணினியை இழுத்து வெளியே வைத்தார்கள். அண்ணி தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“இப்பவாவது சொல்லு. அந்த ஆளு நல்லவரா, கெட்டவரா?”

“தெரியல அண்ணி.”

“அப்போ இன்னும் சந்தேகம் போகல?”

“போகல. திருத்தின எண்ணுங்க எல்லாரும் பாக்குற பக்கத்துல வந்திருக்கு. அதுல ஓட்டை இருக்கான்னு பாக்கணும்.”

“உன்னத்தான் வெளிய அனுப்பிட்டாங்களே.”

“படிக்க வேண்டாம்னு சொல்லலியே” என்று முதல் பக்கத்தைத் திறந்தார்.