லேபிள் அதேதான், மருந்து மாறிவிட்டது

ஆமத்தூர் பக்கம் சிறிய தீப்பெட்டி கம்பெனி நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு வெளிநாட்டு ஆர்டர் இரண்டாம் முறையாக ஃபேக்ஸில் வந்தது. சீசனுக்கு சீசன் லேபிளை மாற்றியே பழகிய எனக்கு, லேபிள் மாறாவிட்டால் சரக்கும் அதேதான் என்ற நினைப்பு. முதல் ஆர்டருக்கு வாங்கிய பரிசோதனைச் சான்றிதழையே நகலெடுத்துச் சரக்கோடு வைத்தேன்.

குச்சித் தலைக்கு மருந்து கலக்கும் பேச்சியம்மாள் கேட்டார்: “புது மருந்து நீங்கதானே வாங்கியாந்தீக மொதலாளி? சான்றிதழ் லேபிளுக்கா குடுத்தாக, மருந்துக்கா?”

லோடை நிறுத்திவிட்டு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். உரசினால் குச்சித் தலை தெறிக்கிறது என்று முடிவு வந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் யார் கண்ணில் பட்டிருக்குமோ! கலவையைத் திருத்தி, புதுச் சான்றிதழ் வந்த பிறகே சரக்கை அனுப்பினேன்.

பேச்சியம்மாளிடம் நன்றி சொன்னபோது, “கலக்குன கைக்குத் தெரியாதா?” என்றார்.

இப்போதெல்லாம் சான்றிதழை முதலில் அவரிடம் வாசித்துக் காட்டுகிறேன். அவர் தலையசைத்தால்தான் லாரி கிளம்பும்.