சிவந்த பஞ்சு

அந்தத் தையல்காரம்மா அறிவியல் சங்கத்துக்குள் போனதே ஒரு பேனர் தைத்துக் கொடுக்கப் போய்த்தான். அவள் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சங்கத்தை ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் ஆரம்பித்திருந்தார். தெருப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்ட வருஷம், வீடு வீடாகக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். தெரு சங்கத்துக்கு வைத்த பெயர் பாட்டில் கட்சி. சிரித்தவர்களே பிறகு கொதிக்கவைத்துக் குடித்தார்கள். தடுப்பூசிக்குப் பயந்த தாய்மார்களைக் கைபிடித்துக் கூட்டிப்போனவள் இவள்தான். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். சங்கத்தில் அதற்காக யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை.

இந்த வருஷ வேலை பெயிண்ட். சில மலிவான டப்பாக்களில் காரீயம் இருக்கிறது, அது பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் என்றார் கம்பவுண்டர். மருந்து தோய்த்த பஞ்சைப் பெயிண்டின் மேல் தேய்த்தால், காரீயம் இருந்தால் சிவக்கும். சங்கத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எதைச் சோதித்தாலும் முதலில் சொந்த வீடு, அப்புறம்தான் அடுத்தவர் வாசல்.

பஞ்சை வாங்கி வந்தவள் தையல் மிஷின் டிராயரில் போட்டுப் பூட்டினாள். அவள் வீட்டுக்காரர் பெயிண்டர். தெருவில் பாதி வீடும் பள்ளிக்கூடமும் அவர் கைவேலை. மிச்சம் வந்ததை வீட்டு ஜன்னலுக்கு அடித்திருந்தார். சின்ன மகள் அப்பா வரும் வழியைப் பார்த்துக்கொண்டு அந்த ஜன்னல் கட்டையைத்தான் கடிப்பாள். கொஞ்ச நாளாகக் குழந்தைக்குப் பேச்சு குறைந்திருந்தது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள்.

"என்னம்மா, உங்க வீடு ஆச்சா?" என்று கேட்டார் கம்பவுண்டர்.

"வேலை தலைக்கு மேல இருக்குங்க ஐயா."

"வீடு ஓடிப்போகாது, சரி. நீ ஏம்மா ஓடுற?"

சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்று தைக்கவே கை ஓடவில்லை. சாயங்காலம் டிராயரைத் திறந்தாள். "சாமி, வெள்ளையாவே இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டு வீட்டு ஜன்னலில் தேய்த்தாள்.

சிவந்தது.

உள்ளே நுழைந்த கணவர் பதறிப்போனார். "என்னடி கையில, ரத்தமா?"

"ரத்தமில்லைங்க. நம்ம ஜன்னல்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. "உன் பாட்டில் கட்சிக்கு என் பொழப்புதான் கெடச்சுதா? இது வெளிய தெரிஞ்சா எவன் என்னைக் கூப்பிடுவான்?"

அவள் அவரை ஜன்னலருகே இழுத்துப் போனாள். ஜன்னல் கட்டையில் வரிசையாகப் பதிந்திருந்த சின்னப் பல் தடங்களைக் காட்டினாள். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பள்ளிக்கூடத்துக்கும் இதே டப்பாதான்."

குழந்தை ஓடி வந்து வாயைத் திறந்து நின்றது. தினமும் அப்பா கையால்தான் அதற்கு முதல் வாய்ச் சோறு. அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கிட்ட வராதடா கண்ணு, இரு" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் நகக்கண் வலிக்கத் தேய்த்தார்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சங்கத்து மாடிப்படி ஏறினாள்.

"ஐயா, எங்க வீடு ஆச்சு. பாப்பாவுக்கு ரத்தம் எங்க பாக்கணும்?"

எப்போதும் கிண்டல் பேசும் கம்பவுண்டர் உடனே சட்டையை மாட்டினார். அதற்குள் ஈரக் கையோடு கணவரும் மேலே வந்துவிட்டார்.

"மொதல்ல ஆஸ்பத்திரி. விடிஞ்சதும் பள்ளிக்கூடம். எங்கெங்க அடிச்சேன்னு நானே காட்டறேன்."

குழந்தை அவரிடம் தாவியது. சட்டையெல்லாம் பெயிண்ட்; அவர் வாங்கிக்கொள்ளவில்லை.