மூக்கையூர்க் கடலில் நான் இடப்பக்கம் திருப்பிய படகு

திருச்சுழியில் பெண்களுக்கு ஸ்கூட்டரும் காரும் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். எங்கள் பக்கம் கண்மாயில் தண்ணீர் நின்றாலே பெரிய விஷயம் என்பதால், நாற்பத்து மூன்று வயது வரை நான் படகில் ஏறியதே இல்லை. போன பிப்ரவரியில், லைசென்ஸ் டெஸ்ட் இல்லாத ஒரு சனிக்கிழமை கடலுக்குப் போய்வரலாம் என்று பரிதாதான் பேச்சைக் கிளப்பினாள். வீரசோழனில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள்; என்னிடம் ஸ்கூட்டர் பழகியவள். அவள் கடைக்குக் கருவாடு கொடுக்கும் அந்தோணிக்கு மூக்கையூரில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. ஒருநாள் கடலுக்குள் கூட்டிப்போகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

காலை ஐந்து மணிக்கு என் பழைய காரில் கிளம்பி, வீரசோழனில் பரிதாவை ஏற்றிக்கொண்டேன். கமுதி, சாயல்குடி வழியாக மூக்கையூர் சேரும்போது ஏழு பத்து. மீட்டரில் எழுபத்தெட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. கமுதி தாண்டினால் இரண்டு பக்கமும் கருவேலங்காடுதான். ஆட்டு மந்தைக்காக இரண்டு முறை நின்றதைத் தவிர நல்ல ரோடு. அந்தோணி வாடகை வாங்க மறுத்துவிட்டார். படகுக்கு எண்ணெய்ச் செலவென்று எழுநூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

இருவருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். எனக்கும் நீச்சல் தெரியாது, பரிதாவுக்கும் தெரியாது. அரை மணி நேரம் போனபின் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். எஞ்சினில் நீளமான ஒரு கைப்பிடி. அதை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. பரிதாகூட, “டீச்சருக்கு எதக் குடுத்தாலும் ஓட்டிருவாக” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முன்பக்கம் சிக்கிக் கிடந்த கயிற்றை ஒதுக்க அந்தோணி எழுந்து போனார். அப்போது எதிரே இன்னொரு படகு வந்தது. இரண்டு பேர் இருந்தார்கள். தூரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். கடலில் தூரம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. எதிரே வண்டி வந்தால் இடப்பக்கம் ஒதுங்கு என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்த கை, யோசிக்காமல் படகை இடப்பக்கம் திருப்பியது. அந்தப் படகும் அதே பக்கம் வந்தது. நான் இன்னும் இடப்பக்கம் ஒதுங்கினேன். அதுவும் இன்னும் அதே பக்கம் வந்தது. வேண்டுமென்றே என்மேல் ஏற வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பரிதா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தோணி நிமிர்ந்து பார்த்தவர் பலகைகளைத் தாண்டி ஓடிவந்து, என் கையோடு சேர்த்துக் கைப்பிடியை அழுத்தி இடப்பக்கம் தள்ளி, வேகத்தைக் குறைத்தார். படகு வலப்பக்கம் சாய்ந்து திரும்பியது. அந்தப் படகு எங்கள் இடப்பக்கமாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் போனது. அதன் அலை மோதி மூன்று பேரும் நனைந்தோம்.

அந்தப் படகு வட்டமடித்துத் திரும்பி வந்தது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். “யாருலே ஓட்டுனது?” என்றார்.

“நாந்தாம்ணே. தெரியாம நடந்துபோச்சு” என்றார் அந்தோணி.

நான் சொல்லிவிட்டேன். “இல்லண்ணே, நான்தான் ஓட்டுனேன். அவுக மேல தப்பில்ல. ரோட்டுல ஒதுங்குற மாதிரி ஒதுங்கிட்டேன்.”

அவர் என்னையும் பரிதாவையும் பார்த்தார். “எந்த ஊரு?”

“திருச்சுழி.”

“இங்க எதுக்க எதுக்க வந்தா ரெண்டு பேரும் சோத்தாங்கைப் பக்கம் ஒதுங்கணும் தாயி. நான் என் சோத்தாங்கைக்கு ஒதுங்குறேன், நீங்க என் முன்னாடியே வந்து நிக்கிறீக.” பிறகு அந்தோணியிடம் திரும்பி, “வந்தவுகட்டக் குடுக்குறதுன்னா பக்கத்துல உக்காருலே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

திரும்பும் வழியில் வலப்பக்கத்திலிருந்து ஒரு படகு குறுக்கே வந்தது. எங்கள் படகில் நட்டிருந்த கொடிக்கம்புக்கு நேராக அதைப் பார்க்கச் சொன்னார் அந்தோணி. “அந்தப் படகு கம்ப விட்டு வெலகிப் போனா பயமில்ல. அதே எடத்துல நின்னு பெருசாகிக்கிட்டே வந்தா மோதப்போகுதுன்னு அர்த்தம்.” அது நின்ற இடத்திலேயே நின்று பெரிதானது. வலப்பக்கம் வருபவருக்குத்தான் நாம் வழிவிட வேண்டுமாம். வேகத்தைக் குறைத்து, அது கடந்ததும் அதன் பின்னால் சுற்றிப் போனார். வலை இறக்கியிருக்கும் படகு சட்டென்று திரும்ப முடியாது, அதை நாம்தான் விலகிப் போக வேண்டும் என்றும் சொன்னார். ஒன்பதரைக்குக் கரையில் கால் வைத்தேன். மணல் அத்தனை சுகமாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

நீங்கள் போவதானால் மாசி, பங்குனியில் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அந்தோணி சொன்னபடி, பத்து மணிக்கு மேல் காற்று ஏறும். மிதவைச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். சாயல்குடிக்குப் பிறகு கடை குறைவு, அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். முக்கியமாக, ரோட்டில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் படகை ஓட்டக் கேட்காதீர்கள். நன்றாகப் பழகிய கைதான் அங்கே என்னை மாட்டிவிட்டது.

மூக்கையூரிலிருந்து கமுதி வரை பரிதா பேசவே இல்லை. இனி என்னோடு எங்கும் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கமுதியில் டீ குடிக்கும்போது சொன்னாள்: “அந்தாளு கேட்டப்ப நீங்க பேசாம இருந்துருவீகளோன்னுதான் டீச்சர் பயந்தேன். நீங்க ஒத்துக்கிட்டதும் அந்தப் பயம் போயிருச்சு. இப்ப அசதிதான், வேறொண்ணுமில்ல.”

வீரசோழன் வரும்வரை அவள் பக்கத்து சீட்டில் என் பக்கமாகச் சாய்ந்து தூங்கினாள்.