செல்வி போட்ட கனெக்‌ஷன்

போன பௌர்ணமியன்று எங்கள் வீட்டு ஹாலில் ஒரு விஷயம் நடந்தது. இந்த வாரம் எழுத உட்கார்ந்தால் அதைத் தவிர வேறெதுவும் வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. மாடியில் ஒரே ஒரு ரூம். ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். இப்போது அதில் இருப்பவள் எலேனா. ஸ்பெயின்காரி. என் மனைவி செல்வியை வாய் நிறைய 'அக்கா' என்பாள். தமிழ் அரைகுறைதான். ஆனால், 'இன்னும் கொஞ்சம் ரசம்' என்று கேட்கிற அளவுக்குச் சரளம்.

அன்று காலை பத்து மணிக்குக் கீழே இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"அக்கா... அம்மாவுக்கு ஆபரேஷன். ஹார்ட்."

ஊரிலிருந்து அவள் தம்பி எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறான். ஆபரேஷன் தேதி திடீரென்று முன்னால் வந்துவிட்டதாம். நம் நேரத்துக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அம்மாவை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

"அழாதம்மா. நம்ம வீட்டு போன்லயே கூப்பிட்டுப் பேசிடு" என்றேன், பெரிய மனசு பண்ணி.

அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "அம்மாவுக்குக் கேக்காது. எப்பவுமே." பிறகு இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை அசைத்தாள். "நாங்க இப்படித்தான் பேசும்."

சைகை மொழி! அம்மாவும் மகளும் பேசிக்கொள்ள முகம் தெரிய வேண்டும், கை தெரிய வேண்டும். வாரா வாரம் பிரவுசிங் சென்டருக்குப் போய் வெப்கேம் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாளாம். மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம் — எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, பௌர்ணமியன்று பிரவுசிங் சென்டர் திறந்திருக்குமா? எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பீர்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் மேஜை போட்டு மோர் விற்றுக்கொண்டிருப்பார் ஓனர். அத்தனை ஜனம் மலையைச் சுற்றும் நாளில் யார் மெயில் பார்க்க வரப்போகிறார்கள்?

ஆனால், எங்கள் வீட்டுக்கு முந்தின நாள்தான் பிராட்பேண்ட் ரௌட்டர் வந்திருந்தது. பெட்டி கூடப் பிரிக்கவில்லை. லைன்மேன் ஏழுமலை, யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, காலையில் வந்து மாட்டித் தருவதாகச் சொல்லிப் போயிருந்தார். அவருக்கு செல் அடித்தேன்.

"பௌர்ணமி டியூட்டி போட்டுட்டாங்க சார். அடி அண்ணாமலைகிட்ட நிக்கிறேன். இந்தக் கூட்டத்துல எங்க சார் வர்றது? நாளைக்குக் கண்டிப்பா வந்துடறேன்."

நாளைக்கு வந்து என்ன செய்ய?

"விடு, நானே மாட்டிடறேன்" என்றேன் செல்வியிடம். இந்தப் பத்தியைக் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பவன் என்பதால் எங்கள் வீட்டு இன்ஜினீயர் நான்தான். நானே நியமித்துக்கொண்ட பதவி.

அரை மணி நேரத்தில் எல்லா வயரையும் சொருகிவிட்டேன். முதல் லைட் எரிந்தது. இரண்டாவது லைட் மின்னியது... மின்னியது... மின்னிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். பழைய டி.வி.யைத் தட்டுவது போல மண்டையில் ஒரு தட்டும் தட்டினேன்.

"பீஸே சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

"இருங்க" என்றாள் செல்வி.

அவள் தரையில் உட்கார்ந்து, பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால், ஒரு வரியையும் விடமாட்டாள்.

"ரெண்டாவது லைட்டு மின்னினா லைன்ல இடைஞ்சல்னு போட்டிருக்குதுங்க."

"லைன் நல்லாத்தானே இருக்குது? போன் வேலை செய்யுதே!"

"இந்தப் படத்தைப் பாருங்க. வெளியேருந்து வர்ற வயரு முதல்ல இந்தச் சின்ன டப்பாவுக்குள்ள போவுது. அப்புறம்தான் போனுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணுன்னு பிரியுது. நம்ம வீட்ல அதுக்கு முன்னாடியே ஒரு வயரு சமையல்கட்டுக்குப் போவுதே?"

ஆமாம். அடுப்படியில் நின்றபடியே பேச வசதியாக அவள்தான் ஒரு எக்ஸ்டென்ஷன் போன் வைத்திருந்தாள். வயர் எந்த மூலையில் ஏறி எங்கே இறங்குகிறது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கதவுக்கு மேலே இருந்த இணைப்பைக் கழற்றினாள்.

லைட் இரண்டு நொடி மின்னியது. அப்புறம் அசையாமல் நின்றது. பச்சை!

எலேனா கைதட்டினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அடுத்தது இன்டர்நெட் லைட். அது சிவப்பு. எலேனாவின் லேப்டாப்பை ரௌட்டரோடு இணைத்து, பாஸ்வேர்டைத் தட்டினேன். தப்பு என்றது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் தப்பு. ஏழுமலையைக் கூப்பிட்டால் அந்த நெரிசலில் லைனே போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாகக் கிடைத்த கஸ்டமர் கேர் பையனிடம் நான் கத்த ஆரம்பித்தபோது, செல்வி செல்லைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, நீங்க ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தார்கள். மணி மூன்று... நான்கு. எல்லாம் சரியாக இருந்தது, பாஸ்வேர்டைத் தவிர. "அது எங்களுக்குத் தெரியாதும்மா. எழுதிக் குடுத்ததை நல்லாப் பாருங்க" என்றான் அவன்.

செல்வி அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"மேல நம்ம போன் நம்பரையும் அவர்தான் எழுதியிருக்கிறாரு. அதுல ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போட்டிருக்கிறாரு, பாருங்க. பாஸ்வேர்டுல நீங்க ஏழுன்னு அடிச்சீங்களே, அதுல கோடு இல்ல. அப்ப அது ஏழில்ல. கொக்கி வெச்ச ஒண்ணு."

"உனக்கு எப்படி...?"

"போளூர்ல ரெண்டு வருஷம் மெடிக்கல் ஷாப்ல இருந்தேனே? டாக்டருங்க எழுத்தையே படிச்சவ நான்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். 'பெண் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தாள்' என்று தரகர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அது ஒரு திறமை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவளே டைப் அடித்தாள். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக.

இன்டர்நெட் லைட் பச்சையானது. மணி நாலே முக்கால்.

எலேனா தம்பிக்கு எஸ்.எம்.எஸ். தட்டினாள்; ஐந்து மணிக்குத் திரையில் அந்த அம்மா வந்தார். நரைத்த முடி, நீல ஸ்வெட்டர். படம் விட்டு விட்டுத்தான் வந்தது. கை அசைவதற்குள் உறைந்துவிடும். இருவரும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு சைகை... காத்திருப்பு... அடுத்த சைகை. ஹாலில் சத்தமே இல்லை. எலேனா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் அந்த அம்மா எங்கள் பக்கம் விரல் நீட்டி ஏதோ கேட்டார்.

"இது யாரு பண்ணதுன்னு கேக்குது. அக்கான்னு சொன்னேன்" என்றாள் எலேனா.

அந்த அம்மா தன் மோவாயைத் தொட்டு, உள்ளங்கையை செல்வியை நோக்கி நீட்டினார். நன்றி என்று அர்த்தமாம். செல்வி என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கும்பிட்டாள். எனக்குக் கண் மங்கிவிட்டது. ஃபேனைப் பார்ப்பது போல மேலே பார்த்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து எலேனா சொன்னாள் — "அம்மா கண்ணு முழிச்சுது அக்கா!"

என் அனுபவம் ஒன்று சொல்லட்டுமா? புது மெஷின் வீட்டுக்கு வந்தால், 'எனக்குத் தெரியும்' என்பவனைக் கிட்டே விடாதீர்கள். 'இது எதுக்குங்க?' என்று கேட்கிறவரிடம் கொடுங்கள்.

மத்தியானம் ஏழுமலை பையோடு வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "எக்ஸ்டென்ஷனைக் கூடக் கழட்டியிருக்குது! யாரு சார் போட்டது?"

இத்தனை வருஷம் எழுதுகிறேன். என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்த நாளில்கூட நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

"எங்க வீட்டம்மா!"

சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு ரௌட்டரை மாட்டித் தர செல்வியைக் கூப்பிட்டார்கள்.

டார்ச் பிடிக்க நானும் போயிருந்தேன்.