வசுமதி கேட்ட கதவு

துரைமார் மாறினால்தான் வசுமதிக்குச் சுகம். நல்ல துரை, கெட்ட துரை என்ற பாகுபாடெல்லாம் அவளிடம் கிடையாது. மேலாளராகப் புதிய துரை வந்த முதல் நாள், காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும், "என்ன குறை?" என்று கேட்பது அந்தத் தேயிலைத் தோட்டத்து வழக்கம். ஆண்கள் சம்பளம், வீடு, சாலை என்று அடுக்குவார்கள். துரை தலையாட்டுவார். அதோடு சரி. வசுமதி மட்டும் ஒரு துரையிடம் ஒன்றே ஒன்று கேட்பாள், மறுக்க வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக.

அப்படித்தான் மலைமேல் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை முளைத்தது. ஒரு துரை மூன்று பக்கம் தகரம் அடித்தார். அடுத்தவர் கூரை போட்டார். அதற்கடுத்தவர் தண்ணீர்த் தொட்டி வைத்தார். இடையில் கோலாலம்பூரில் கோபுரங்கள் எழும்பின. இங்கே வாசலில் மட்டும் இன்னும் சாக்குதான். காற்றில் அது பறக்காமல் இருக்க, வெளியே ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நாலாவதாக யுவனேஸ்வரன் வந்தார். வசுமதி வாயைத் திறப்பதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் பக்கிரிசாமி முந்திக்கொண்டு கோயிலுக்கு மண்டபம் கேட்டுவிட்டார். துரை தலையாட்டிவிட்டு, கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

"ஏண்ணே, அவசரத்துக்கு மண்டபத்துக்கா ஓடுவோம்?"

"அடுத்த தொரைகிட்ட கேட்டுக்க லா."

அடுத்த துரைக்கு எங்கே போவது? வருஷக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. இவரோ பங்களா வாசலில் ரோஜா நட்டுவிட்டார். ரோஜா நட்ட துரை லேசில் கிளம்ப மாட்டார்.

முறையை மீறி ஆபீசுக்கே போனாள்.

"தொரை, மேல கக்கூஸுக்கு ஒரு கதவு வேணுங்க."

"கதவே இல்லையா? இத்தன வருஷமா ஏன்க்கா கேக்கல?"

"கதவுக்கு இன்னும் மொறை வரலீங்க."

அவருக்கு விளங்கவில்லை. "சரி, போட்டுடலாம். வேற?"

வேற! எந்தத் துரையும் அவளிடம் உதிர்க்காத சொல். தாழ்ப்பாள் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆசைப்பட்டால் கதவும் போய்விடுமோ?

"ஒண்ணும் இல்லீங்க."

கதவு வந்தது, தாழ்ப்பாளோடு. தாழ்ப்பாள் இல்லாமல் கதவு செய்யத் தச்சருக்குத் தெரியவில்லை.

வசுமதிதான் முதலில் உள்ளே போனாள். கூட வேலை செய்யும் சுபத்ரா, பழக்கதோஷத்தில், வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடு லா, நீ போய்க் கொழுந்தப் பறி."

சுபத்ரா கூடை நிறையப் பறித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அக்கா, இன்னுமா?"

"ஒண்ணும் அவசரமில்ல," என்றது கதவு.