மத்தியானத் தூக்கமும் எங்கள் லிஃப்ட்டும்

மத்தியானம் இரண்டு மணிக்கு நம் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவது உங்களுக்குச் சாதாரண விஷயம். அது ஓடுவதற்கு அப்பா ஒரு தேர்தலில் நின்றதுதான் காரணம் என்று சொன்னால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொண்டு சிரியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். நீங்கள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள். இரண்டுக்கும் சரியாக இருக்கும்.

ஜாதவ்பூரில் இந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு நாம் குடிவந்தபோது நீங்கள் ரொம்பச் சின்னவர்கள். அப்போது ஒரு விதி இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு லிஃப்ட்டை நிறுத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் மறுபடி ஓடும். காரணம் தூக்கம். மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசருவதை இந்த வங்காளி ஊரில் யாரும் சோம்பல் என்று சொல்ல மாட்டார்கள். நம் லிஃப்ட்டோ பழைய காலத்து லிஃப்ட். இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு மாடிக்கு ஒன்று, கூண்டுக்கு ஒன்று. சாத்தும்போதெல்லாம் தகரக் கொட்டகை சரிந்து விழுந்த மாதிரி சத்தம். ஏதாவது ஒரு மாடியில் யாராவது கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டால் லிஃப்ட் நகராது. உடனே கீழே நிற்பவர் கம்பியைத் தட்டி, கேட்டைச் சாத்துங்கள் என்று மேலே பார்த்துக் கத்துவார். அதனால் எல்லாரும் கூடிக் கைதூக்கிப் போட்ட விதி அது.

கட்டடக் கமிட்டியின் செயலாளர் கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாகக் கமிட்டித் தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. கெட்ட மனிதர் இல்லை, விதி என்றால் அவருக்கு விதிதான். நான் அவரை எதிர்த்து நின்றதற்கு முதல் காரணம் தண்ணீர்த் தொட்டி. அதைக் கழுவி ரொம்ப நாள் ஆகியிருந்தது. உங்கள் அம்மா தினமும் காலையில் குழாயைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். தொட்டி கழுவுவது, மொட்டை மாடிக் கசிவு, சைக்கிள் நிறுத்த இடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். லிஃப்ட் அதில் இல்லை.

காளிகாட்டில் நம் மளிகைக் கடையை ஒன்றரைக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பேன். ஓட்டுக் கேட்க எனக்குக் கிடைத்த நேரம் அதுதான். சனிக்கிழமை மத்தியானம், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று கிளம்பினேன். வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

"ஏங்க, இந்த நேரத்துல போய் யார் வீட்டு பெல்லையும் அடிக்காதீங்க," என்றாள் உங்கள் அம்மா. "ஓட்டு விழாது, வேற ஏதாவதுதான் விழும்."

முதல் மாடியில் பெல்லை அடித்தேன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு சிவந்த கண்ணோடு கதவைத் திறந்தார். இங்கே தென்னிந்தியக் கடைக்காரன் என்றால் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் அண்ணாதான். நான் அவர்களைத் தாதா என்பேன், வங்காளத்தில் அதுவும் அண்ணன்தான்.

"என்ன அண்ணா, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல தாதா. எலெக்ஷன் விஷயமா..."

"யாரும் சாகலைல்ல? அப்ப அஞ்சு மணிக்கு வாங்க."

இரண்டாம் மாடியில் கதவே திறக்கவில்லை. உள்ளே யாரோ யாரையோ திட்டுவது மட்டும் கேட்டது. அனேகமாக என்னைத்தான்.

மூன்றாம் மாடிக்கு மேலே படி திரும்புகிற இடத்தில் மாஷிமா உட்கார்ந்திருந்தார். உங்களுக்குத் தெரிந்த நாலாவது மாடி மாஷிமாதான், கட்டடத்தில் எல்லாருக்கும் பெரியம்மா முறை, பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர், தனியாக இருப்பவர். மடியில் பை, இடது கையில் பஞ்சு வைத்துக் கட்டு. அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விடிகாலையில் போனால் திரும்பி வர மத்தியானம் இரண்டு ஆகிவிடும்.

"உட்காரு அண்ணா. இன்னும் பதினோரு படி இருக்கு. எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."

லிஃப்ட்டைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"யார்கிட்ட கேட்க? அந்த விதிக்கு முதல்ல கை தூக்கினதே நான்தான். அப்ப என் வீட்டுக்காரர் படுக்கையில கிடந்தார். கதவுச் சத்தம் கேட்டா உடம்பு தூக்கிப்போடும். எனக்காகத்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப எனக்காக மாத்துங்கன்னு எந்த முகத்தோட கேட்பேன்?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மற்றதையும் சொன்னார். மகன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறானாம். படி ஏற முடியாமல் போகிற அன்றைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான், இந்த மாதமோ அடுத்த மாதமோ என்றார். முப்பது வருஷம் இருந்த வீடு. பையை நான் வாங்கிக்கொண்டேன். பதினோரு படிக்கு மூன்று இடத்தில் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் என் தாளில் எல்லாவற்றுக்கும் மேலே லிஃப்ட் என்று எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் செயலாளரைப் போய்ப் பார்த்து மாஷிமா விஷயத்தைச் சொன்னேன். ஒருவருக்காக இருபது வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்க முடியாது என்றார். சத்தம் போனால் யார் தூக்கமும் கெடாதே என்று நம் கடை ஷட்டர் கதையைச் சொன்னேன். காலை ஐந்து மணிக்கு அதைத் தூக்கும்போது மாடி வீட்டுக்காரர்கள் தினமும் சண்டைக்கு வருவார்கள். துருவைச் சுரண்டி, கிரீஸ் போட்டு, அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். இப்போது கடை திறந்ததே அவர்களுக்குத் தெரிவதில்லை.

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"வர்ற சனிக்கிழமை சாயங்காலம் எலெக்ஷன் கூட்டம். அன்னைக்கு மத்தியானம் ஓட்டிப் பாருங்க. யாருக்கும் சொல்லக்கூடாது. ஒரே ஒரு வீட்டுல இருந்து புகார் வந்தாலும் உங்க பேரை வாபஸ் வாங்கணும். விதியும் அப்படியே இருக்கும்."

சரி என்றேன். நான்கு நாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து துரு எடுத்தேன். ஐந்து தளத்துக் கதவுக்கும் கூண்டுக் கதவுக்கும் டியூப் துண்டு ஒட்டினேன். முதல் மாடி தாதா ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, ஜெயித்தால் நமக்கெல்லாம் கிரீஸ் தடவுவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். எதற்கு என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. காவலாளி ஸ்விட்ச்சைப் போட்டார். எந்தக் கதவும் திறந்து கிடக்கக்கூடாது என்று கூண்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். மேலே போவேன், கீழே வருவேன். ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் எந்த வீட்டுக் கதவு திறக்கப்போகிறதோ என்று கம்பி வழியாக எட்டிப் பார்ப்பேன். இரண்டு மணிக்கு மாஷிமா வந்தார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். ஒன்றும் கேட்காமல் ஏறிக்கொண்டார். நாலாவது மாடியில் கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை.

"இன்னொரு தடவை கீழே போயிட்டு வரலாமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

போய்விட்டு வந்தோம்.

சாயங்காலம் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, மண் குவளையில் டீ. என் வங்காளம் கடை வங்காளம். பருப்பு நிறுத்துப் போட்டபடி பேச வரும், மேடைப் பேச்சு வராது. அதனால் எழுந்து நின்று ஒரே கேள்விதான் கேட்டேன். இன்றைக்கு மத்தியானம் எல்லாரும் நன்றாகத் தூங்கினீர்களா?

"நீங்க பெல் அடிக்கல. அதனால ரொம்ப நல்லாத் தூங்கினேன்," என்றார் முதல் மாடி தாதா. எல்லாரும் சிரித்தார்கள்.

"லிஃப்ட் எட்டுத் தடவை மேலே போய் வந்துச்சு தாதா."

சிரிப்பு நின்றது. எல்லாரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார்.

"உண்மைதான். ஒரு புகாரும் வரல. நானே முழிச்சிருந்து கேட்கணும்னு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு மணிக்குத்தான் எழுந்தேன்."

அந்தச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. பிறகு அவர், மத்தியானமும் லிஃப்ட் ஓட வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். முதலில் உயர்ந்தது கட்டுப் போட்ட கை. இத்தனை நாள் நீங்கள் நடந்தா ஏறினீர்கள் என்று முதல் மாடி தாதாவின் மனைவி மாஷிமாவைக் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் நாலா பக்கமும் கை எழுந்துவிட்டது. தேர்தலிலும் நான் ஜெயித்தேன். செயலாளருக்கு விழுந்தது ஏழே ஓட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தண்ணீர்த் தொட்டியையும் கழுவினோம். உங்கள் அம்மா குழாயைத் திறந்துவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று கூட்டம் முடிந்ததும் எல்லாரும் லிஃப்ட் வாசலுக்கு வந்தோம். மாஷிமா உள்ளே ஏறி நின்றுகொண்டு, வகுப்பைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார்.

"யாரும் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போகக்கூடாது. போனா நான் கீழே நின்னு கத்துவேன்."

செயலாளர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்து மெதுவாகச் சாத்தினார். லிஃப்ட் மேலே போனது. நாங்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய் அண்ணாந்து பார்த்தபோதுதான், நாலாவது மாடியில் அவர் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருப்பது தெரிந்தது.